ஊட்டி குளிருக்கு ‘ஹாட்’ பிளக்கா? டர்போ கார்க்காரர்களே, போடும் முன் இதைப் பாருங்கள்!

“நம்ம ஊரு குளுருங்க, அதனால ஹாட் பிளக் போட்டுக்குங்க.” நீலகிரியில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த அறிவுரையை யாராவது ஒருவர் கொடுத்திருப்பார். ஹாட் பிளக் என்றால் நுனியில் சூடு தங்கும் ஸ்பார்க் பிளக். டர்போ பெட்ரோல் காரில் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால் பிஸ்டனில் ஓட்டை விழக்கூடும். பயமுறுத்தச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தவும்தான். இல்லையென்றால் இந்த வீடியோவை நீங்கள் திறந்திருக்க மாட்டீர்கள்.

டீசல் ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்கள் இப்போதே டீ குடிக்கப் போகலாம். உங்கள் வண்டியில் டர்போ இருக்கும், ஸ்பார்க் பிளக் இருக்காது. இருப்பது ஹீட்டர் பிளக், அதன் வேலையே வேறு.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். பிளக் நுனியில் இரண்டு முனைகள், நடுவே சிறு கேப், அதில் பொறி தாவினால் பெட்ரோல் பற்றும். டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. அவ்வளவுதான்.

[திரையில்: கல்லாறு தாண்டி ஏறும் மலை ரயில்]

இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளத்தில் ஏறும் நம் நீராவி இன்ஜின், எக்ஸ் கிளாஸ், அதற்கு நான்கு சிலிண்டர்கள். பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் இரண்டு சிலிண்டர்களில் புகுந்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். ஏற்றத்தில் அந்த ஆவியை அப்படியே வெளியே விட்டுவிடாமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்பி, பல்சக்கரத்தைச் சுழற்ற வைப்பார்கள். வீணாகப் போக வேண்டியதிடம் இன்னொரு தரம் வேலை வாங்குவது. டர்போவுக்குப் பின்னால் இருப்பதும் இதே புத்திதான். இந்த இன்ஜின்கள் 1914 முதல் நமக்கு வந்தது ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து. 1905இல் டர்போசார்ஜருக்குக் காப்புரிமை பதிவு செய்த ஆல்ஃபிரெட் பியூகி பிறந்த ஊர் எது தெரியுமா? அதே விண்டர்தூர்! இதை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், ஒருவரும் அசரவில்லை. நீங்களாவது கமெண்டில் ஒரு ‘அடடே’ போடுங்கள்.

சரி, பிளக்குக்கு வருவோம். தொட்டபெட்டா காற்றில் தீக்குச்சி அணைகிற மாதிரி, டர்போ காற்று பொறியை ஊதி அணைத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சிக்கல் அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது. நெருக்கி அமுக்கிய வாயுவின் குறுக்கே தாவ மின்சாரத்துக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஃபிரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1889இலேயே காட்டிய விதி இது: அழுத்தம் கூடினாலும் வோல்டேஜ் கூட வேண்டும், கேப் கூடினாலும் கூட வேண்டும். டர்போவில் அழுத்தத்தைக் குறைக்க முடியாது, கேப்பைக் குறைக்கலாம். அதனால்தான் டர்போ இல்லாத கார்களில் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும் கேப், டர்போவில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8க்குள் அடங்கிவிடுகிறது. ஓட ஓட முனை தேய்ந்து கேப் அகலும். மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் தெரியாது. பர்லியார் தாண்டி ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதுதான் பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயிலால் முடியாமல் மிஸ்ஸிங் அடிக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். டர்போ இல்லாத காருக்கு பிக்கப் குறையும், ஆனால் சிலிண்டரில் காற்று குறைவதால் பிளக்குக்கு வேலை லேசு. டர்போ காரில் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், சும்மா விடாது. டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவிட்டு, குறைந்த காற்றை முடிந்தவரை ஈடுகட்டும். ஆக, சிலிண்டருக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட கீழே இருந்த அளவுதான், வெளியே மட்டும் காற்று மெலிந்துவிட்டது. மெலிந்த காற்றில் மின்சாரம் சுலபமாகத் தாவும். அப்புறம் அது ஏன் உள்ளே கஷ்டப்பட வேண்டும்? பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் வெளிப்புறமாகவே ஓடி இன்ஜினில் இறங்கப் பார்க்கும். உயரத்தில் பறக்கும் டர்போ பிஸ்டன் விமானங்கள் பலவற்றில் இதற்காகவே, பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்குள் காற்றை அழுத்தி வைக்கிறார்கள். நம் உயரத்தில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் பீங்கானில் கிரீஸ் கை பட்டு, பிளக்கை மூடும் காயில் ரப்பரில் வெடிப்பும் இருந்து, கோத்தகிரி மூடுபனி ஈரமும் சேர்ந்தால் புது பிளக் போட்டும் வண்டி உதறும். அதனால் காயில் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹாட், கோல்ட் விஷயம். இது ஊர்க் குளிரைப் பற்றியதே அல்ல. நுனிப் பீங்கான் நீளமாக இருந்தால் சூடு தங்கும், அது ஹாட். குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கிவிடும், அது கோல்ட். நுனி சுமார் 450 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் கரி படியும். 850, 900 என்று போனால் பொறிக்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றும், பிஸ்டன் ஓட்டை கதை அங்கேதான் ஆரம்பம். இந்தக் கணக்கில் வெளியே 5 டிகிரியா 35 டிகிரியா என்பது பெரிதாக எடுபடாது.

அப்படியானால் கோல்ட் போடலாமா? வெலிங்டனில் வீடு, குன்னூர் மார்க்கெட்டில் கடை, நாள் முழுக்க ஓட்டமே அவ்வளவுதான் என்றால் நுனி சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவீர்கள். கரி பிடித்து காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும். என் கட்சி இது: ரீமேப் செய்யாத, அதாவது பவரைக் கூட்ட இசியூ புரோகிராமை மாற்றாத வண்டியில், கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்சை, அதாவது ஹாட்-கோல்ட் அளவை, தொடவே வேண்டாம். ரீமேப் செய்தவர்களுக்கு பிளக் கம்பெனியான என்ஜிகே சொல்லும் தோராயக் கணக்கு, கூட்டிய ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி கோல்ட். ஒரு லிட்டர் இன்ஜின் காரில் 20 குதிரையைக் கூட்டிவிட்டு இரண்டு படி இறங்குகிறவர்களை என்ன சொல்வது, ஸ்டைலுக்குப் போடுகிறார்கள்.

பிளக் மேலுள்ள எண்ணைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்புண்டு. என்ஜிகே, டென்சோவில் எண் பெரிதானால் கோல்ட். பாஷ், சாம்பியனில் எண் பெரிதானால் ஹாட். ‘பிகேஆர்6இ-11’ என்ற என்ஜிகே பிளக்கில் 6 ஹீட் ரேஞ்ச், கடைசி 11 என்பது 1.1 மி.மீ. கேப். கார் கையேட்டில் 0.7 என்று போட்டிருக்கும்போது, மரை சரியாகப் பொருந்துகிறதே என்று இதை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

உலோகம்: இரிடியம் வாங்குங்கள். 2,400 டிகிரி தாண்டித்தான் உருகும், நடு முனை 0.4 முதல் 0.6 மி.மீ. வரை மெல்லியது, மெல்லிய முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி கிளம்பும். போலி நிறைய உலவுகிறது, பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கேப் சரிசெய்ய வேண்டியிருந்தால் வளைந்த முனையை மட்டும் தொடுங்கள், இரிடியம் நுனியில் கருவி பட்டால் உடைந்துவிடும். 14 மி.மீ. மரையும் வாஷரும் உள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு, 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 போதும். “இன்னும் ஒரு சுத்து முறுக்கிடலாம் அண்ணா” என்று மெக்கானிக் தம்பி சொன்னால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய பிளக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று சிலிண்டர் வரிசையிலேயே அடுக்கி ஒரு போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள். கரி கறுப்பா, சாம்பல் வெளுப்பா, எண்ணெய்ப் பிசுக்கா என்று பார்த்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். டீ குடிக்கப் போன டீசல் அண்ணன்மார்களே, உங்கள் ஹீட்டர் பிளக் அடுத்த வீடியோவில்.