செழிப்பின் உபதேசமும் தோட்டத்துச் சம்பளமும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து பேச வந்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். செழிப்பின் உபதேசத்தைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். கிறிஸ்தவர் அல்லாத நேயர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால், அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்முடைய பிள்ளை ஏழையாகவும் நோயாளியாகவும் கிடப்பது கடவுளின் சித்தமே இல்லை. விசுவாசித்து, வாயினால் அறிக்கையிட்டு, காணிக்கையை விதையாக விதைத்தால் பணமும் சுகமும் பல மடங்காகத் திரும்பி வரும். சுருக்கமாக, இதுதான் அந்த உபதேசம். எங்கள் ஊரில் கடைவீடுகளின் மேல்மாடியில் கூடும் சபைகள் சிலவற்றில் இதைக் கேட்கலாம். அதைவிட அதிகமாகக் கைப்பேசியில் கேட்கிறார்கள். காட்டு வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, சோறு வேகும் நேரத்தில் இந்தச் செய்தியை ஓடவிட்டுக் கேட்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

இதை எடுத்த எடுப்பில் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த உபதேசத்தில் நாங்கள் சொல்லத் தவறிய ஒரு உண்மை இருக்கிறது. அதை முதலில் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் துரை, கிராணி, கங்காணி, அவர்களுக்கெல்லாம் கீழே கூலி. மூன்று நான்கு தலைமுறை அந்த வரிசையின் கடைசியிலேயே நின்றோம். அப்படி நின்றவர் முன்னால் ஒரு சபை ஊழியர் வேதத்தில் உபாகமம் 28-ஆம் அதிகாரத்தை விரித்து, "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று வாசித்தால், கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்காதா? நீயும் தலைநிமிரப் பிறந்தவன்தான் என்று அவரிடம் யாருமே அதுவரை சொன்னதில்லை.

மெத்தடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம் என்று பழைய சபைகளைச் சேர்ந்த நாங்கள் பரலோகத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் நிறையப் பிரசங்கித்தோம். ஆலோங் என்ற வட்டிக்காரனிடம் ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் கைவிரித்து நிற்பவனைப் பற்றிப் பிரசங்க மேடையில் பேசினோமா? சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் சிதைந்த வீட்டைப் பற்றி? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாத தாயைப் பற்றி? மிகக் குறைவு. புதிதாக வந்தவர்கள் அதைப் பேசினார்கள். வீட்டுக்கு வந்தார்கள், தலையில் கைவைத்து ஜெபித்தார்கள், வேலை கிடைக்கும் என்றார்கள். குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். குடிக்குப் போன காசு வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் டியூஷனுக்குப் போனார்கள். "உன்னால் முடியும்" என்று கேட்ட தைரியத்தில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வடைக்கடை போட்டு, இன்று சொந்தக் காலில் நிற்கும் பெண்களை நான் பார்க்கிறேன். அவர்களிடம் போய் "நீ கேட்டது தப்பான உபதேசம்" என்று ஒரே வார்த்தையில் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தேக்காரர் எல்லாரும் செழிப்பு உபதேசக்காரர் என்று நினைப்பது அநியாயம். தமிழ்ப் பெந்தெகொஸ்தேயின் பழைய தலைமுறை நகையைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளை உடுத்தியவர்கள். சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்கள் சம்பளம் வாங்காமல், விசுவாச வீடுகளில் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்கள்.

சரி, இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற ஊழியர், ஏழைப் பிரசங்கியார் வீட்டில் பிறந்து, இளம் வயதில் காசநோயில் விழுந்து எழுந்தவர். 1947-இல் மூன்றாம் யோவான் நிருபத்தின் இரண்டாம் வசனம் தம் கண்ணைத் திறந்ததாகச் சொன்னார். "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." இந்த ஒரு வசனத்தின்மேல் எவ்வளவோ கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நிருபத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரு மூப்பர் காயு என்ற நண்பருக்கு எழுதும் கடிதத்தின் தொடக்கம் அது. நம் பெரியவர்கள் "நலம், நலமறிய ஆவல்" என்று கடிதத்தைத் தொடங்குவார்களே, அந்த மாதிரி அன்பான ஒரு விசாரிப்பு. அதில் அன்பு இருக்கிறது, ஜெபம் இருக்கிறது. எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் இல்லை.

இதே வசனத்தை வைத்துக் கொரியாவில் யோங்கி சோ ஊழியம் செய்தார். 1958-இல், போரில் நொறுங்கிக் கிடந்த சோல் நகரின் ஓர் ஏழைப் பகுதியில், ஒரு கூடாரத்தில் தொடங்கினார். பசியோடு வந்தவர்களிடம் "கடவுள் நல்லவர், உன் வயிற்றைப் பற்றியும் அவருக்குக் கவலை உண்டு" என்றார். அந்த இடத்தில், அந்த நாளில், அது நற்செய்திதான். அந்தக் கூடாரம் உலகத்திலேயே பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. அதே மனிதர் 2014-இல், மகனுடைய பங்குகளைச் சபைப் பணத்தில் சந்தை விலையைவிடக் கூடுதலாக வாங்கவைத்துச் சபைக்குச் சுமார் 1,300 கோடி வொன் நட்டம் உண்டாக்கியதாகத் தீர்ப்பாகி, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். பலமும் மிகையும் ஒரே ஆளின் வாழ்க்கையில். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய்விடும். மிச்சம் 1,513. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, மொத்தச் சம்பளத்தில்தான் கணக்கு என்று சில இடங்களில் சொல்கிறார்கள், அப்படியானால் 170. ஆகக் கையில் 1,343 வெள்ளி. வாடகை, பால்மாவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் இதற்குள். மனமுவந்து கொடுக்கிறவரை நான் தடுக்கமாட்டேன். கொடுக்காவிட்டால் சாபம் என்று பயமுறுத்தி வாங்குவதைத்தான் கண்டிக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர், ஒரு காணிக்கை உறையைக் கொண்டுவந்து காட்டினார். முகப்பில் பெயர், கைப்பேசி எண். கீழே "எதற்காக விதைக்கிறீர்கள்?" என்று கேட்டு நாலு கட்டம்: கடன், வேலை, திருமணம், சுகம். கட்டத்தில் டிக் போட்டுப் பக்கத்தில் தொகையை எழுத வேண்டும். அக்கா "கடன்" என்ற கட்டத்தில் டிக் போட்டு 300 என்று எழுதியிருந்தார். அந்த 300 வெள்ளியைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருந்தார். கடன் தீர்வதற்காகக் கடன்! சில மாதம் கழித்தும் நிலைமை மாறவில்லை. கேட்டதற்கு, உனக்கு விசுவாசம் போதவில்லை, வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, இன்னொரு விதை போடு என்று பதில் வந்ததாம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா பணத்துக்காக அழவில்லை. "எனக்குத்தான் விசுவாசம் இல்லைபோல, சார்" என்று அழுதார்.

ஒரு உபதேசத்தை எதை வைத்து எடைபோடுவது என்று என்னைக் கேட்டால், ஆசீர்வாதம் வந்தவர் சொல்லும் சாட்சியை வைத்து அல்ல என்பேன். வராமல் போனவரிடம் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். செழிப்பின் உபதேசம் அந்த அக்காவிடம் "குற்றம் உன்னுடையது" என்றது. அங்கேதான் அது இயேசுவை விட்டு விலகுகிறது. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றுதான் அவர் சொன்னார்.

நோய் விஷயத்தில் இது உயிருக்கே ஆபத்து. நம் ஆட்களில் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இல்லாத வீடு குறைவு. சுகமாகிவிட்டேன் என்று அறிக்கையிட்டுவிட்டு இன்சுலினை நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பவுல் அப்போஸ்தலன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாக விட்டுவந்ததாக எழுதியிருக்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு, அந்தக் காலத்து மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஜெபியுங்கள், மருந்தையும் போடுங்கள். டயாலிசிஸ் நாளைத் தவறவிடாதீர்கள்.

வசனத்தைப் பாதியில் நிறுத்துவதும் ஒரு பெரிய மிகை. மாற்கு 10-இல் "நூறத்தனையாக", அதாவது நூறு மடங்காக, அடைவான் என்ற வாக்கை உரக்க வாசிக்கிறார்கள். அந்த வரியிலேயே "துன்பங்களோடேகூட" என்று இருக்கிறது, அதை விட்டுவிடுகிறார்கள். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வாதத்தைப் பொழிவேன் என்ற மல்கியா 3:10 எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு ஐந்து வசனம் முன்னால், அதே அதிகாரத்தில், கூலிக்காரனுடைய கூலியை அபகரிப்பவனுக்கும் விதவையை ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாகக் கடவுளே சாட்சியாக நிற்பேன் என்கிறார். தோட்டத்து ஊரில் பிரசங்கிக்க இதைவிடப் பொருத்தமான வசனம் உண்டா? இதை நான் தசமபாகக் கூட்டத்தில் கேட்டதே இல்லை. தசமபாகம் யாருக்கு என்பதையும் உபாகமம் 14 சொல்கிறது: மூன்றாம் வருஷத்துப் பங்கு, ஆலய ஊழியம் செய்யும் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும், அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடையும்படி. அந்தக் கணக்கின்படி உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா வாங்க வேண்டியவர்.

இதெல்லாம் வெளியாட்கள் சொல்லும் குறை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இந்த இயக்கத்தின் தகப்பன் என்றே அழைக்கப்படும் கென்னத் ஹேகின், 2003-இல் காலமாவதற்கு முன், 2000-இல் வெளியிட்ட ஒரு நூலில் தம் வழிவந்தவர்களையே கண்டித்திருக்கிறார். பணம் இருப்பது ஆவிக்குரிய நிலைக்கு அடையாளம் இல்லை, திரும்பப் பெறுவதற்காகவே கொடுப்பது சரியில்லை, நூறு மடங்கு என்பதைக் கணக்குச் சூத்திரம்போல் காட்டக் கூடாது என்று எழுதினார். அவருடைய மாணவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இதைச் சபையில் வாசித்துக் காட்டினால் நன்றாயிருக்கும்.

எனக்கு மனதில் உறுத்தும் இன்னொரு விஷயம், இந்த உபதேசம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக முன்னேறச் சொல்கிறது. நம் ஜனம் முன்னேறியது அப்படியா? இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை, அது சமயக் காரியமும் இல்லை. ஆனாலும் "வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிலாளர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஏழை சொத்துக்கு ஆசைப்படுவது பாவமே இல்லை. அதைச் சேர்ந்து தேடவும், கூலி ஏன் இவ்வளவுதான் என்று கேட்கவும் சபை கற்றுக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக, ஊழியர்களுக்குச் சில விண்ணப்பங்கள். சபைக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்து, வரவும் செலவும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கில், சுமார் 5 கோடி சிங்கப்பூர் டாலர் சபைப் பணத்தை முறைகேடாகக் கையாண்டதாக ஆறு பேர் 2015-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்கள் சொந்தப் பைக்குப் போட்டுக்கொண்டதாக நீதிமன்றம் சொல்லவில்லை. எண்ணம் நல்லதாக இருந்தாலும் கணக்கு திறந்திருக்க வேண்டும். அப்புறம், டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அந்தக் கூடையில் மாற்கு 10:30-ஐயும் முழு வசனமாக அச்சடித்துப் போடுங்கள்.

அந்த அக்காவை எங்கள் சபையார் இரண்டு பேர் ஏகேபிகே அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. வங்கிக் கடனுக்குத் தவணையை மாற்றி அமைக்க வழி செய்கிறார்கள். பக்கத்து வீட்டு 300 வெள்ளியைச் சபையின் ஏழைகள் நிதியிலிருந்து நாங்களே கட்டிவிட்டோம். கடனில் மாட்டியிருக்கும் நேயர்கள், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அடையாள அட்டையையும் கடன் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பாருங்கள். நன்றி, வணக்கம்.