வார்டுக்கும் வயலுக்கும் நடுவே

(மருத்துவம், செவிலியம், வேளாண்மை, கால்நடை மாணவர்களின் கூட்டு அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவம் படிக்கிறவர்கள், செவிலியம் படிக்கிறவர்கள், வேளாண்மையும் கால்நடையும் படிக்கிறவர்கள் என்று எல்லோரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதற்காகவே ஏற்பாட்டாளர்களுக்கு என் நன்றி. ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் நீங்கள் மூன்று கூட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுநடுவே காலி நாற்காலிகள். இன்று நான் பேச வந்தது அந்தக் காலி நாற்காலிகளைப் பற்றித்தான். மருந்துக்கு அடங்காத கிருமிகள் நமக்கு நடுவே இருக்கிற அந்த இடைவெளியில்தான் வளர்கின்றன.

நான் செவிலியர். இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ராத்திரி ட்யூட்டி. தீவிர சிகிச்சைப் பிரிவில் வயதான ஒருவர். குடல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நாலாம் நாள் காய்ச்சல் கண்டது. ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பியிருந்தோம். லேபிலிருந்து போன் வந்தது. கல்ச்சர் என்றால் என்ன என்று வேளாண் மாணவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் ரத்தத்தில் இருந்து வளர்த்தெடுத்த கிருமியை ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குடனும் மோதவிட்டுப் பார்ப்பார்கள். கிருமி அடங்கினால் மருந்தின் பெயருக்கு நேராக ‘எஸ்’ என்று போடுவார்கள். அடங்காவிட்டால் ‘ஆர்’. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். ஆர், ஆர், ஆர். பக்கம் முழுக்க ஆர். கடைசி வரியில், கோலிஸ்டின் என்ற ஒரே மருந்துக்கு நேராக எஸ். அந்த ஓர் எழுத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கோலிஸ்டின் பழைய மருந்து. 1950-களில் புழக்கத்துக்கு வந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னாளில் ஓரங்கட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதும், வேறு வழியில்லாமல் அதையே திரும்ப எடுத்தார்கள். அன்றும் அதைத்தான் ஏற்றினோம். காய்ச்சல் இறங்கியது, ஆனால் சிறுநீரகம் தாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துபோனார். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்?” என்று அவருடைய மகள் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சில வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயத்தைப் படித்தேன். நாங்கள் இரண்டு பேர் நின்று அளவைச் சரிபார்த்து ஏற்றுகிற அதே கோலிஸ்டினை, உலகின் பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தோடு டன் கணக்கில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்காகக்கூட இல்லை, சீக்கிரம் எடை போடுவதற்காக. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2015 நவம்பரில் சீன ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பண்ணைப் பன்றிகளிலும், கடையில் விற்ற இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிலும் கோலிஸ்டினுக்கு அடங்காத ஒரே மரபணுவைக் கண்டிருந்தார்கள். அதற்கு எம்சிஆர்-1 என்று பெயர். அது பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருந்ததுதான் பயமுறுத்திய விஷயம். பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் அதன் வாரிசுக்கு மட்டும்தான் போகும். பிளாஸ்மிட் அப்படியில்லை, பக்கத்தில் இருக்கிற வேறு பாக்டீரியாவுக்கும் கைமாறும். வேறு இனமாக இருந்தாலும் கைமாறும்.

கோலிஸ்டினைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலப்பதை 2017-இல் சீனா நிறுத்தியது. பின்விளைவை 2020-இல் வெளியிட்டார்கள். பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவில் கோலிஸ்டினுக்கு அடங்காதவை நூற்றுக்கு 34 என்றிருந்தது 5-ஆகக் குறைந்திருந்தது. குவாங்சோ நகரத்து மனிதர்களின் குடலில் எம்சிஆர்-1 இருந்தது நூற்றுக்கு 14 பேரிடம், அது 6 பேர் என்று ஆகியிருந்தது. தீவன மூட்டையில் செய்த ஒரு மாற்றம் சில வருஷத்துக்குள் மனிதக் குடலில் தெரிந்தது. கால்நடை மாணவர்களே, நாங்கள் ஐ.சி.யூ.வில் பத்து வருஷம் போராடினாலும் இப்படி ஒரு பலனைக் காட்ட முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

இந்தத் தீவனப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1940-களின் கடைசியில், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் கோழிக்குஞ்சுக்கு வைட்டமின் பி12 கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வைட்டமினுக்காக, ஆன்டிபயாடிக் தயாரித்து மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்தார்கள். வைட்டமினுக்கு எதிர்பார்த்ததைவிடக் குஞ்சு வேகமாக வளர்ந்தது. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆன்டிபயாடிக் செய்த வேலை அது. அவ்வளவுதான், பழக்கம் உலகமெல்லாம் பரவிவிட்டது.

இதனால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று நேராகப் போய்ப் பார்த்தவர் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க ஆய்வாளர். 1976-இல் வெளியான ஆய்வு அது. பழசுதான், ஆனாலும் இன்றைய ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்திய சின்னப் பண்ணை. சுமார் 300 கோழிக்குஞ்சுகள். பாதிக்கு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தீவனம், மீதிக்குச் சாதாரணத் தீவனம். ஒரே வாரத்துக்குள் முதல் கூட்டத்துக் குஞ்சுகளின் குடலில் ஏறக்குறைய எல்லாமே டெட்ராசைக்ளினுக்கு அடங்காத பாக்டீரியா. வாரக்கணக்கில் போகப் போக, கொடுக்காத மருந்துகளுக்கும் அவை அடங்கவில்லை. அஞ்சாறு மாதத்தில் அந்தக் குடும்பத்தாரிடம் எடுத்த மல மாதிரிகளிலும் அது தெரிய ஆரம்பித்தது. மாதிரிகளில் 31 சதவீதத்தில், குடல் பாக்டீரியாவில் பெரும்பகுதி டெட்ராசைக்ளினுக்கு அடங்காததாக இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் இது 7 சதவீதம்தான். பண்ணை வீட்டில் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. கோழிக்குத் தீவனம் போட்டார்கள், கூண்டைச் சுத்தம் செய்தார்கள், அவ்வளவே.

கொடுக்காத மருந்துக்கும் எப்படி அடங்காமல் போகும்? இதற்கு டென்மார்க்கில் நல்ல பாடம் கிடைத்தது. அங்கே அவோபார்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலப்பதை 1995-இல் தடை செய்தார்கள். அது மருத்துவமனையில் நாம் போடுகிற வான்கோமைசினின் உறவுக்கார மருந்து. கறிக்கோழிகளில் அந்த மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா 73 சதவீதத்திலிருந்து அஞ்சு வருஷத்தில் 6 சதவீதத்துக்கு வந்தது. பன்றிகளிலோ அசையவே இல்லை. தடை போட்டும் ஏன் குறையவில்லை என்று தேடினார்கள். பன்றிக்கு டைலோசின் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மருந்துக்குமான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. டைலோசின் ஒன்றைக் காப்பாற்ற, கூடவே மற்றதும் பிழைத்தது. 1998-இல் டைலோசினையும் குறைத்த பிறகுதான் பன்றிகளிலும் எண்ணிக்கை விழுந்தது. ‘இந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டோம்’ என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் எனக்கு இந்தப் பன்றிகள்தான் நினைவுக்கு வரும்.

மருந்தை நிறுத்தினால் பண்ணைக்காரர் நஷ்டப்பட மாட்டாரா? நியாயமான கேள்வி. நார்வேயின் சால்மன் மீன் பண்ணைகளைப் பாருங்கள். 1987-இல் அங்கே கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. அப்புறம் மீனுக்குத் தடுப்பூசி வந்தது. குஞ்சு மீன் ஒவ்வொன்றுக்கும் ஊசி. இன்று வருஷத்துக்கு ஒரு டன்கூட ஆவதில்லை, மீன் உற்பத்தியோ பல மடங்கு பெருகிவிட்டது. மருந்தைப் பிடுங்கிக்கொண்டு பண்ணைக்காரரைத் தனியாக விட்டிருந்தால் இது நடந்திருக்காது. மருந்துக்குப் பதிலாக ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன், கைகழுவுவதற்கு. வார்டில் கிருமியை ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோகும் வாகனம் பெரும்பாலும் எங்கள் கைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காகச் சுவரெல்லாம் எச்சரிக்கைப் பலகை மாட்டி எங்களைத் திட்டிப் பயனில்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவர் திட்டுவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்தார். தீவிர சிகிச்சையில் ஒரு மணி நேரத்துக்கு 20 தடவைக்கு மேல் கைசுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குழாயடிக்கு நடந்து, சோப்புப் போட்டு, துடைத்துவிட்டு வந்தால் நோயாளியைப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்? வேலை கூடக் கூடக் கைசுத்தம் குறைகிறது என்பதையும் அவருடைய கணக்கு காட்டியது. அதனால் குழாயை நம்பாமல், படுக்கைக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் ஹேண்ட் ரப் பாட்டிலை வைத்தார்கள். 1994-இல் தேவையான தடவைகளில் 48 சதவீதம் மட்டும் நடந்த கைசுத்தம் 1997-இல் 66 ஆனது. மருத்துவமனையில் ஒட்டிய தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. பாட்டிலை இடம் மாற்றி வைத்ததுதான் பெரிய காரியம்.

பாட்டில் இருந்தாலும் ஆள் வேண்டுமே. லிண்டா எய்கன் என்ற செவிலியப் பேராசிரியரும் குழுவும் 9 ஐரோப்பிய நாடுகளில், 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2014-இல் எழுதினார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஒரே ஒரு நோயாளி. இந்த எண்ணை ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகியின் மேஜையிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு புதிய செய்தி. ‘ஏழு நாள்’, ‘பதினாலு நாள்’ என்று ஆன்டிபயாடிக் எழுதுகிறோமே, அந்தக் கணக்கு எப்படி வந்தது? பல நோய்களுக்கு வெறும் வழக்கம்தான், வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் ஏழின் மடங்காக எழுதிப் பழகிவிட்டோம். 2024 நவம்பரில் பாலன்ஸ் என்ற பெரிய சோதனையின் முடிவு வந்தது. ரத்தத்தில் பாக்டீரியா தொற்று உள்ளவர்கள், 7 நாடுகளின் 74 மருத்துவமனைகளில் 3,608 பேர். பாதிப் பேருக்கு 7 நாள் மருந்து, பாதிப் பேருக்கு 14 நாள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 14.5 சதவீதம், இரண்டாவதில் 16.1. குறைந்த நாள் கொடுத்ததால் கெடுதல் வரவில்லை. இது எல்லாத் தொற்றுக்கும் பொருந்தாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. காசநோய்க்கு மாதக்கணக்குதான். நோயாளி தானாக நிறுத்தக் கூடாது, எத்தனை நாள் என்று முடிவு செய்கிற நீங்கள்தான் ஆய்வைப் படிக்க வேண்டும்.

இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்றால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2021-இல் மட்டும் உலகில் 11 லட்சத்து 40 ஆயிரம் பேர் இறந்ததாக 2024-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது.

இதுவரை சொன்னது பாக்டீரியா. இப்போது வேளாண் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், பூஞ்சைக்கு வருகிறேன். ஆஸ்பெர்கில்லஸ் ஃபுமிகேட்டஸ் என்ற பூஞ்சை மட்குகிற இலையிலும் உரக்குழியிலும் வளர்வது. அதன் நுண்ணிய வித்துகளை நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவருக்கும், உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கும் அது நுரையீரலில் வேர்விடும். வோரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகள்தான் துணை. நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். வாழ்க்கையில் அசோல் மருந்தே சாப்பிடாத நோயாளியிடமும் அதற்கு அடங்காத பூஞ்சை இருந்தது, அதுவும் பல பேரிடம் ஒரே மரபணு மாற்றத்தோடு. பூந்தோட்டக் கிழங்குக் கழிவுக் குவியலிலும் அதே மாற்றம் கிடைத்தது. நீங்கள் பயிருக்கு அடிக்கிற டெபுகோனசோல், புரோபிகோனசோல் எல்லாம் அதே அசோல் குடும்பம்தானே. பயிர்நோய்ப் பூஞ்சையைக் குறிவைத்து அடித்தது, குப்பையில் இருந்த இந்தப் பூஞ்சைக்குப் பயிற்சியாகிவிட்டது.

சரி, புது மருந்து கண்டுபிடிப்போம் என்று பல வருஷம் உழைத்து ஓலோரோஃபிம் என்ற மருந்தை உருவாக்கினார்கள். பூஞ்சைக்குள் முற்றிலும் வேறொரு நொதியைத் தாக்குவது. அது இன்னும் நோயாளிகளிடம் சோதனையில் இருக்கும்போதே, 2022-இல் அமெரிக்காவில் இப்ஃப்ளூஃபெனோகுயின் என்ற பூஞ்சாணக்கொல்லிக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் அதே நொதியைத்தான் தாக்குகிறது. பூஞ்சாணக்கொல்லிக்கு அடங்காத ஆஸ்பெர்கில்லஸ் ஓலோரோஃபிமுக்கும் அடங்காமல் போவதை ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள். இரண்டு குழுவும் நல்ல எண்ணத்தோடுதான் உழைத்தது. ஒன்று நுரையீரலைக் காப்பாற்ற, இன்னொன்று விளைச்சலைக் காப்பாற்ற. பூஞ்சாணக்கொல்லி இல்லாமல் விளைச்சல் போய்விடும் என்கிற விவசாயியின் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அனுமதி கொடுக்கும் மேஜையில், வார்டிலிருந்து ஓர் ஆளையும் உட்கார வைத்திருக்கலாம். பயிர் மருந்துகளால் மனித மருந்து கெடுமா என்று முன்கூட்டியே மதிப்பிட ஒரு வழிமுறை வேண்டும் என்று அமெரிக்க அரசு அமைப்புகள் 2023-இல்தான் கருத்துக் கேட்கவே ஆரம்பித்தன.

கடைசியாக, மண். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் மண் கிருமியிலிருந்து கிடைத்தது. 2025 மார்ச்சில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் லாரியோசிடின் என்ற புது மூலக்கூறை அறிவித்தார்கள். ஹாமில்டன் நகரத்தில் ஒரு வீட்டின் பின்புறத்து மண். அதிலிருந்த கிருமிகளை ஏறக்குறைய ஒரு வருஷம் பொறுமையாக வளரவிட்டார்கள். வேகமாக வளர்கிறவை மூடிவிடாமல், நிதானமாக வளர்கிற ஒரு பாக்டீரியா தலைகாட்டியது. அது சுரந்ததுதான் இது. எலிகளிடம் வேலை செய்கிறது. மனிதருக்கு வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது. வந்தால், அதைத் தீவன மூட்டைக்குள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களில் பாதிப் பேர் கால்நடை மாணவர்களின் வரிசையில் இருக்கிறீர்கள்.

இனி கேள்வி நேரம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஓரத்தில் இருக்கிறவர்கள் எழுந்து, நடுவில் காலியாக இருக்கிற நாற்காலிகளுக்கு வாருங்கள். பக்கத்தில் உட்காருபவர் என்ன படிக்கிறார் என்று கேளுங்கள். முதல் கேள்வி வேளாண் மாணவர் ஒருவரிடமிருந்து வரட்டும். எனக்குப் பதில் தெரியாவிட்டால் உங்கள் பக்கத்தில் இருக்கிற மருத்துவ மாணவரைக் கேட்போம்.