சங்கத்தின் இதழ் யாருக்கு உதவுகிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி வாரம் முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. "அமெரிக்கப் பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகக் 'கம்யூனிகே' என்ற செய்தித்தாளை வெளியிடுவதாகச் சென்ற உரையில் சொன்னீர்கள். அவர்களுக்கு ஆய்விதழ் ஒன்று இருக்கும்போது இது எதற்கு? இங்கே பிள்ளை வளர்க்கும் எனக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்கிறார்.

அந்தச் சங்கம் 1969இல் தொடங்கியது. அதன் ஆய்விதழ் 1972 முதல் வெளிவருகிறது. ஆய்வுக் கட்டுரை வல்லுநர்களின் மதிப்பீட்டைக் கடந்து, திருத்தப்பட்டு, அச்சேறப் பல மாதங்கள் ஆகும். ஒரு முறை பொதுவாகப் பலன் தருகிறதா என்பதை அது சொல்லும். திங்கட்கிழமை காலை என் எதிரே உட்காரும் இந்தப் பிள்ளைக்கு அதை எப்படிச் செய்வது என்பதை அது பெரும்பாலும் சொல்லாது. நான் முன்பே பலமுறை சொன்னதுதான்: பள்ளி உளவியலாளர் தனித்து வேலை செய்பவர். ஆசிரியருக்கு ஓய்வறையில் பத்து ஆசிரியர்கள் துணை உண்டு. உளவியலாளரோ ஒரு பள்ளிக்கு ஒருவர், பல இடங்களில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கும் ஒருவர். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க அவருக்குப் பக்கத்து மேசை இல்லை. அந்தப் பக்கத்து மேசையாக இருப்பதே உறுப்பினர் இதழின் முதல் வேலை.

ஒரு சான்று சொல்கிறேன். அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் படிப்பில் காட்டும் திறனுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால்தான் கற்றல் குறைபாடு என்று ஏற்பது அமெரிக்காவில் நெடுங்கால வழக்கம். பிள்ளை போதுமான அளவு பின்தங்கும்வரை உதவி காத்திருக்கும். எனக்கு இது கொடுமையாகவே படுகிறது. 2004இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம், அந்த இடைவெளியைப் பள்ளிகள் கட்டாயம் பார்க்கவேண்டியதில்லை என்றும், முறையான கற்பித்தலுக்குப் பிள்ளை எவ்வாறு முன்னேறுகிறது என்பதைக் கொண்டு முடிவெடுக்கலாம் என்றும் வழிவிட்டது. சட்டம் மாறிவிட்டது, மறுநாள் பள்ளிக்குப் போனவர் என்ன செய்வார்? வாசிப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது, ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எப்படி வரைபடமாக்குவது, எந்தக் கட்டத்தில் முறையை மாற்றுவது, பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் செய்து பார்த்தவர்தான் செய்யப்போகிறவருக்கு எழுதமுடியும். பெற்றோர் கையில் கொடுக்கத்தக்க எளிய குறிப்புகளும் அவ்விதழில் வருவதுண்டு; அவை உங்களைப் போன்றவர்களுக்கானவை, அம்மா.

ஆனால் அது சங்கத்தின் குரலுமாகும் என்பதை மறந்து வாசிக்கக்கூடாது. 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் வேண்டும் என்பது அச்சங்கத்தின் பரிந்துரை. நல்ல பரிந்துரைதான், ஆயினும் அதைக் கோருபவர்கள் அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள்.

நீங்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: நம் பிள்ளைகளைப் பற்றி இங்கே யார் அப்படி எழுதுகிறார்கள்? சிங்கப்பூரில் பள்ளி ஆலோசகர் பள்ளியிலேயே இருக்கிறார். கல்வியமைச்சின் உளவியலாளர் பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் தொடக்கநிலை இரண்டு மாணவர் ஆங்கில வாசிப்பில் தடுமாறினால், தமிழ் வாசிப்பையும் சேர்த்துப் பார்க்காமல் அது மொழிப் பழக்கக் குறைவா, டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடா என்று பிரித்தறிவது கடினம். தமிழ் எழுத்தில் ஒலிக்கும் வரிவடிவத்துக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தைவிடச் சீரானது. ஆகவே எழுத்துகளைச் சரியாகக் கூட்டிவிடும் பிள்ளை, வேகத்தில் மட்டும் தளரக்கூடும். இத்தகைய பிள்ளைகளை நேரில் சோதித்த தமிழாசிரியரும் உளவியலாளரும் சேர்ந்து இரண்டு பக்கம் எழுதினால், அடுத்த பள்ளியில் இருப்பவர் அதை வைத்துக்கொண்டு மறுநாளே வேலை தொடங்கலாம். உங்கள் பிள்ளைக்கு மதிப்பீடு நடந்தால், தமிழ் வாசிப்பையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். தமிழாசிரியரின் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.