ரெயில் பிரஷர் ஏறலையா? பம்பைக் கழட்டாதீங்க, பாட்டிலை எடுங்க

வணக்கம் மக்களே. போன வீடியோ கமென்ட்ல பாதிப் பேர் போட்டது இதுதான்: "ஸ்கேனர்ல ரெயில் பிரஷர் 120 பார்தான் ஏறுது, பம்ப் போச்சு." செம கடுப்பாகுது! காமன் ரெயில் டீசல் இன்ஜின்ல, பம்ப் டீசலை ரெயில்ங்கிற பொதுக் குழாய்க்குள்ள தள்ளும், அவ்வளவுதான். அங்கிருந்துதான் எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். தள்ளின டீசலுக்குப் போக வழியில்லாம நின்னாத்தான் பிரஷர். நடுவுல எங்கயாவது ஓட்டை இருந்தா புதுப் பம்ப்லயும் அதே 120தான். காமன் ரெயில்ல ஸ்டார்ட் ஆகவே சுமார் 200 பார் வேணும்.

முதல் சந்தேகம் இன்ஜெக்டர் ரிட்டர்ன் மேல, அதாவது சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர்ல இருந்து மிச்ச டீசல் திரும்பிப் போற வழி. நாலு இன்ஜெக்டர்லயும் ரிட்டர்ன் பைப்பைக் கழட்டி, டிரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டி, ஒரே சைஸ் பாட்டில் நாலுல விடுங்க. டியூப் நாலு மீட்டர், ஹார்டுவேர் கடையில மீறிப்போனா 200 ரூபா. இதையே 'டெஸ்ட் கிட்'னு டப்பால போட்டு ஆயிரக்கணக்குல விக்கிறான்! உள்ள என்ன இருக்கு? இதே டியூப், இதே பாட்டில், மேல ஒரு ஸ்டிக்கர். காலி தண்ணி பாட்டில்ல ஸ்கேல் வெச்சு மார்க்கர்ல கோடு போடுங்க, போதும்.

பத்து செகண்ட் கிராங்க் பண்ணுங்க, அதாவது ஸ்டார்ட்டரால இன்ஜினைச் சுத்த விடுங்க. நல்ல இன்ஜெக்டர்ல சொட்டுதான் வரும். ஒண்ணு மட்டும் தாரையா ஊத்துச்சா, அதுக்குள்ள வால்வ் சீட் (வால்வ் உக்காந்து மூடுற இடம்) தேஞ்சிருக்கு.

ஆங், விட்டுட்டேன், கழட்டின ரிட்டர்ன் பைப் முனையை முதல்லயே அடைச்சுடுங்க. இல்லன்னா பம்ப் ரிட்டர்ன் டீசல் எல்லாம் இன்ஜின் மேலதான். பேட்டரியும் ஃபுல் சார்ஜ்ல இருக்கணும், ஸ்டார்ட்டர் மெதுவா சுத்தினா பம்ப் தள்ளுறதே கம்மி.

ஐடில்ல சரியா இருந்து மேட்டுல இழுக்கும்போது மட்டும் பிரஷர் விழுதா? ஃபீட் பக்கம், அதாவது டேங்க்ல இருந்து பம்புக்கு டீசல் வர்ற வழியைப் பாருங்க. ஃபில்டருக்கு அப்புறம் பைப் முனையை பிரஷர் கேஜால மூடிப் பார்த்துட்டு "பிரஷர் சூப்பர்"ங்கிறது சுத்த ஏமாத்து. டீசல் ஓடாதப்போ முக்கால்வாசி அடைச்ச ஃபில்டர்லயும் முள்ளு ஏறத்தான் செய்யும். டேங்க்ல எலக்ட்ரிக் பம்ப் இருக்கிற வண்டின்னா அந்த முனையை கேன்ல விட்டு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு அளந்து, மேனுவலோட ஒப்பிடுங்க.

இன்னொண்ணு, சில பீசோ இன்ஜெக்டருக்கு (கரன்ட் பட்டா நீளுற கிரிஸ்டலால வேலை செய்யுறது) ரிட்டர்ன்லயே 10 பார் நிக்கணும். அதுல இந்தப் பாட்டில் வேலை வேண்டாம். எந்த வண்டியா இருந்தாலும், ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டை லூஸ் பண்ணாதீங்க. தோலைக் கிழிச்சு டீசல் உள்ள போயிடும்.