மதுரையிலிருந்து அண்டார்டிகாவுக்கு: கேமராப் பையைத் தயார் செய்வது எப்படி?

[காட்சி: மேசையில் பரப்பிய கேமரா, லென்ஸ்கள், பேட்டரிகள்]

வணக்கம். அண்டார்டிகா கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டு, கேமராவை எப்படித் தயார் செய்வது என்று யோசிக்கிறவர்களுக்கான வீடியோ இது.

முதலில் குளிர் பயத்தைக் கழற்றி வைப்போம். பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை கிளம்புகின்றன. அங்கே அது கோடைக்காலம். கப்பல்கள் போகும் அண்டார்டிகத் தீபகற்பக் கரையோரம் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கேமரா கையேட்டைப் பாருங்கள், இயங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். மே மாத மதுரையில் 40-ஐத் தாண்டியும் அதே கேமராவில்தானே படம் எடுக்கிறோம்? குளிருக்காகப் புது கேமரா வாங்க வேண்டாம். அங்கே கேமராவைக் கெடுப்பது ஈரமும் உப்பும்தான்.

[காட்சி: ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வரும் ஜிப்லாக் பை]

ஈரத்தைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேமராவை ஒரு பெரிய ஜிப்லாக் பையில் வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. காற்றை நன்றாகப் பிதுக்கி வெளியேற்றி மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு எடுத்துச் சமையலறை மேடையில் வையுங்கள். பையைத் திறக்கக் கூடாது. சற்று நேரத்தில் பையின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீராகிவிட்டது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அதே கதைதான். பை இல்லையென்றால் அந்த நீர் லென்ஸிலும் பட்டன்களின் இடுக்கிலும் இறங்கியிருக்கும். பையின் மேல் ஈரம் முழுதாகக் காய்ந்து, உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகும்.

கப்பலிலும் இதே வேலைதான். வெளித்தளத்தில் நிற்கும்போதே கேமராவைப் பையில் போட்டு மூடிவிட்டு, அப்புறம் கதவைத் திறந்து உள்ளே போங்கள். அதற்கு முன் மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு கையில் இருந்தால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறக்க மாட்டீர்கள்.

பேட்டரி குளிரில் மந்தமாகும், சார்ஜ் இருந்தும் கேமரா திடீரென்று அணையும். உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்துச் சூடேற்றினால் பெரும்பாலும் மீண்டு வரும். மூன்று நான்கு பேட்டரிகள் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். உறைநிலைக் குளிரில் இருந்து வந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

[காட்சி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், மல்லிகைக் குவியல்]

அடுத்தது வெள்ளை. பனி நிறைந்த காட்சியைக் கேமராவிடம் ஆட்டோ மோடில் விட்டால் அது பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சம் என்று எடுத்துக்கொள்வது அதன் இயல்பு. இதைப் பழக மதுரையைவிட நல்ல ஊர் கிடையாது என்பேன். விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மல்லிகைக் குவியல் படம் முழுக்க நிறையும்படி எடுங்கள். பூ மங்கலாகத் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-க்கு ஏற்றி மறுபடி எடுங்கள், பூ பூவாகத் தெரியும். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டினால் இதழின் வரிகள் போய்விடும். பென்குயின் நெஞ்சு வெள்ளைக்கும் இதே கணக்குதான். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுப்பது நல்லது.

பறவைப் படம் பழக மதுரைப் பக்கத்திலேயே சாமநத்தம் கண்மாய் இருக்கிறது. ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்துப் பறக்கும் கொக்கைப் பின்தொடருங்கள். அங்கே கப்பலிலிருந்து கரைக்குப் போகும், ஆடும் ரப்பர் படகிலிருந்து எடுக்க 1/1000-க்குக் கீழே போக வேண்டாம். மெல்லிய கையுறை போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். வெயிலில் கை வேர்க்கும், பரவாயில்லை, எந்த பட்டன் எங்கே என்று விரல் கற்றுக்கொள்ளட்டும்.

கண்மாயிலிருந்து வந்ததும் பையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். வெல்க்ரோவில் நாயுருவி விதை அப்பியிருக்கும். வெளியூர் விதை ஒன்றுகூட அண்டார்டிகாவில் இறங்கக் கூடாது. கரையிறங்கும் முன் பை, ஜிப், ட்ரைபாட் கால் எல்லாவற்றையும் கப்பலில் சோதிப்பார்கள்.

ட்ரைபாட் என்றதும் சொல்லிவிடுகிறேன், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு, கரையில் உட்காருவதோ மண்டியிடுவதோ பையைத் தரையில் வைப்பதோ கூடாது என்பது சுற்றுலா நிறுவனங்களின் விதி. தோளில் தொங்கும்போதே திறக்கும் பைதான் உதவும். ட்ரோனும் வேண்டாம், பயணிகள் பறக்கவிட அனுமதி இல்லை. பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதனால் தூரத்துக்கு 100-400 மி.மீ. லென்ஸ் ஒன்று, 24-105 போன்ற அகல லென்ஸ் ஒன்று, முடிந்தால் இரண்டு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா). உப்புச் சாரலில் லென்ஸ் மாற்றாமல் தப்பிக்கலாம். படகில் ஏறி இறங்க இரண்டு கையும் வேண்டும், எனவே கேமரா நீர்புகாப் பைக்குள் இருக்கட்டும். சாரல் பட்டால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கீறும்.

[காட்சி: மதுரை விமான நிலைய வாசல்]

உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச் பேட்டரி என்றால் சுமார் 16 வாட்-அவர். 100 வாட்-அவர் வரை தடையில்லை. உள்நாட்டு விமானத்தில் கைப்பை வழக்கமாக 7 கிலோ, வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.

கடைசியாகச் சுங்கம். திரும்பி வரும்போது விலையுயர்ந்த கேமராவுக்கு வரி கேட்காமல் இருக்க, நாட்டை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பொருளை நேரில் காட்ட வேண்டும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். பாடி, லென்ஸ் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, பில் நகலோடு பாஸ்போர்ட் உறையில் வைத்துவிடுங்கள்.