கயிறு என்னும் சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தேங்காய் நாரை ஆங்கிலத்தில் ‘காயர்’ என்கிறார்கள். அது நம் வீட்டுச் சொல்லின் கிளைதான். மலையாளத்தில் கயிற்றுக்குக் ‘கயர்’ என்று பெயர். மலபார்க் கரைக்கு வணிகம் செய்ய வந்த போர்த்துகீசியர் வாய்வழியாக அது ஐரோப்பா சென்றது. சென்ற இடத்தில் பொருள் சுருங்கிவிட்டது. நமக்குப் பருத்தியில் திரித்தாலும் பனைநாரில் திரித்தாலும் கயிறுதான். அவர்களுக்கோ தென்னை நார் மட்டுமே. அதுவும் திரிக்காத வெறும் நாருக்கே அந்தப் பெயர்!

நம்மிடம் முறுக்குக்கும் முறுக்கிய இழைக்கும் தனிச்சொல் உண்டு: புரி. புரிகளை ஒரு திசையில் முறுக்கி, பிறகு அவற்றைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார்கள். ஒன்று பிரியப் பார்த்தால் மற்றது இறுகும். கயிற்றின் வலிமை அந்த எதிர்ப்பில்தான் இருக்கிறது.

இதை அறிந்த ஒருவர் பாடிய பாட்டு நற்றிணையில் 284ஆம் பாடலாக இருக்கிறது. பொருள் தேடப் போன தலைவனை நெஞ்சு காதலியிடம் திரும்பச் சொல்கிறது. அறிவோ எடுத்த வினையை முடிக்கச் சொல்கிறது. இடையில் கிடந்து தவிப்பது உடம்பு.

“ஒளிறு ஏந்து மருப்பின் களிறு மாறு பற்றிய
தேய்புரிப் பழங்கயிறு போல
வீவது கொல் என் வருந்திய உடம்பே”

இரண்டு களிறுகள் ஆளுக்கொரு முனையைப் பற்றி இழுக்கும் பழங்கயிறு போல என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான். கயிறு இன்னும் அறவில்லை; புரிதான் தேய்ந்திருக்கிறது. ‘தேய்புரி’ என்ற அந்த ஒரு சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும். புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டின் தொடரே பெயராகி, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று நிலைத்துவிட்டார். வள்ளுவரும் காலம் அறிந்து நடப்பதை, செல்வம் நீங்காமல் கட்டும் கயிறு என்கிறார்.

அப்படிப்பட்ட சொல்லை வைத்து, பொய்யை அளப்பவனைக் ‘கயிறு திரிக்கிறான்’ என்கிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. உள்ளங்கை காய்த்துப்போக நார் திரிப்பவர்களின் தொழில் பொய்யோடு சேர வேண்டியதே இல்லை.

கிணற்றில் தாம்பு, தேரில் வடம், வில்லில் நாண், இடுப்பில் அரைஞாண், காளைக்கு மூக்கணாங்கயிறு என்று வேலைக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். பம்புசெட் வந்ததும் தாம்பு பேச்சிலிருந்தே நழுவிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் கன்றைக் கட்டும் கயிற்றுக்கும் ஏற்றத்தில் கட்டிய கயிற்றுக்கும் என்ன பெயர்? தெரிந்தவர்கள் இப்போதே எழுந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.