"மேலிருந்து ஃபண்ட் வரவில்லை" என்றால் கான்ட்ராக்டர் என்ன செய்ய?

சரி, அடுத்த கேள்வி. சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் கொடுக்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் குழாய் பதிக்கிற வேலை எடுத்தாராம், முக்கால்வாசி முடிந்துவிட்டது, முதல் பில் மட்டும் வந்தது, அடுத்த பில்லுக்கு ஒன்பது மாதமாகத் துட்டு வரவில்லை, கேட்டால் "மேலிருந்து ஃபண்ட் வரவில்லை" என்கிறார்களாம். வேலையை நிறுத்திவிடவா, கோர்ட்டுக்குப் போகவா, பைப் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்ல என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

அண்ணாச்சி, உங்களிடம் சொன்னது வெறும் சாக்கு என்று நினைக்க வேண்டாம். 2024-25 பட்ஜெட்டில் ஜல் ஜீவனுக்கு ஒதுக்கியது 70,163 கோடி ரூபாய், திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கிவிட்டது. திட்டத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஆனால் அறிவிப்பு வேறு, கணக்கில் பணம் ஏறுவது வேறு. அதனால் மேசை மேசையாகக் 'கவனித்தால்' பில் நகரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தச் செலவும் சேர்ந்து நஷ்டம்தான்.

அலுவலகத்தில் போய் "துட்டு எப்போ வரும்" என்று கேட்காமல், "என் பில் எந்த மேசையில் இருக்கிறது" என்று கேளுங்கள். அளவே எடுக்கவில்லையா, அளந்து பில் போட்டும் பாஸ் ஆகவில்லையா, பாஸ் ஆகி நிதிக்காக மட்டும் நிற்கிறதா? இந்த மூன்றும் ஒன்றில்லை. கடைசி நிலையில் இருந்தால் நிதி வரும் நாளில் உங்களுக்கும் வரும். முதல் நிலையில் இருந்தால் நிதி வந்தாலும் உங்களுக்கு வராது, பக்கத்துக் கான்ட்ராக்டர் வாங்கிக்கொண்டு போவார்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு குளத்துக் கரை பலப்படுத்துகிற வேலை எடுத்திருந்தேன். "ஃபண்டே இல்லை, இப்போ அளந்து என்ன செய்ய" என்றார்கள், நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழைதான். நான் போட்ட மண் போன இடம் தெரியவில்லை, எம் புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதுகிற அலுவலக அளவுப் புத்தகத்தில், என் வேலைக்கு ஒரு வரி கூட இல்லை. அளக்காத வேலை செய்யாத வேலைதான். உங்களுக்குக் குழாய், மண்ணை மூடிவிட்டால் எவ்வளவு ஆழத்தில் என்ன சைஸ் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் மூடுவதற்கு முன்பே டேப்பை வைத்துத் தேதியோடு போட்டோ எடுங்கள், ஏ.இ.யை (உதவிப் பொறியாளரை) அழைத்து எம் புக்கில் ஏற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நிதி இல்லை என்பது அளக்காமல் இருக்கக் காரணம் ஆகாது.

வேலையை நிறுத்தலாமா என்றால், சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்து, டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டு, மறு டெண்டர் விட்டு அந்தக் கூடுதல் செலவையும் உங்கள் தலையில் கட்ட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். எந்தத் தேதியில் பில் கொடுத்தேன், இன்னும் வரவில்லை, அதனால் வேலை தாமதமாகிறது, அபராதம் இல்லாமல் கால நீட்டிப்பு வேண்டும் என்று கடிதம் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதற்கும் ஆகாது.

இன்னொரு கடிதமும் வாங்கப் பாருங்கள்: "இவ்வளவு தொகை நிலுவை, நிதி வந்ததும் வழங்கப்படும்" என்று கையெழுத்தோடு. பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் இப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். தர மறுத்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பில் எந்தத் தேதியில் எங்கே போனது என்று 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். இன்வாய்ஸ் போட்டுவிட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்டியாக வேண்டும், தாமதமானால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. பணம் எப்போது தருவோம் என்று ஒப்பந்தத்தில் தேதி தெரியாவிட்டால், தொடர்ந்து நடக்கும் வேலைக்குப் பணம் வரும்போது இன்வாய்ஸ் போட்டால் போதும், ஆனால் ஒரு கட்டம் முடிந்ததும் பணம் என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சிறுதொழில் சட்டத்தில் 45 நாளைக்குள் பணம், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள். சரக்கு சப்ளை செய்தவருக்கு அது நல்ல ஆயுதம். கட்டுமான ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு, அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

கோர்ட் கடைசிதான். அளவும் பில்லும் தகராறு இல்லாமல் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், பணத்தைத் தர உத்தரவிடச் சொல்லி ரிட் மனு போடலாம், தகராறு இருந்தால் சிவில் வழக்கு, அரசுத் துறை என்றால் அதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ்.

அதுவரை கைச்செலவுக்கு? கந்து வட்டிக்கு மட்டும் போகாதீர்கள். 2017 அக்டோபரில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீக்குளித்ததை நெல்லையில் யார் மறந்தார்கள்? வங்கிக் கடன் தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும், அதற்கு முன்பே மேனேஜரிடம் எம் புக் நகலோடு போய்த் தவணையை மாற்றிக் கேளுங்கள். அதே நகலைப் பைப் கடைக்காரரிடமும் காட்டுங்கள், கொஞ்சமாவது கொடுங்கள். அவருக்குக் கோபம் பாதி துட்டு வராததில், மீதி நீங்கள் போன் எடுக்காததில்.

கால நீட்டிப்புக் கடிதத்துக்கு ஒரு மாதிரி எழுதி வீடியோவுக்குக் கீழே போடுகிறேன், அண்ணாச்சி, தேதியையும் பில் தொகையையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.